காலை எடுத்தால் வேக்கம் வந்துவிடுமா?

"டர்போவை மாட்டுங்க, வேக்கத்தை அப்புறம் பார்த்துக்கலாம்." ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் பழைய பெட்ரோல் காருக்கு டர்போ போடும் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வாக்கியமும் கூடவே எழுகிறது. எத்தனை பி.எஸ்.ஐ. அழுத்தம் வைக்கலாம், எந்த வண்டியின் டர்போவை எடுக்கலாம், இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் எங்கே நிறுத்தலாம் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். வேக்கம் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், "ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டா முடிஞ்சதுண்ணே, காலை எடுத்தா தானா வேக்கம் வந்துரும்" என்ற பதிலோடு பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது.

இந்தப் பதில் தவறு என்பது என் உறுதியான கருத்து. பணம் விரயமாவதோடு முடிகிற தவறும் இல்லை இது. பிரேக்கில் போய் நிற்கிற தவறு. டர்போ போட்ட பழைய வண்டி புகை கக்கினால், ஆயில் ஒழுக்கினால், பிஸ்டன் உருகினால் உடனே பழி டர்போவின் மேல் விழுகிறது. இல்லையென்றால் "பழைய இன்ஜின் தாங்காது" என்று இன்ஜினின் மேல் விழுகிறது. எவரும் கவனிக்காமல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸ்தான் உண்மையான குற்றவாளி என்பது பல நேரம் கடைசிவரை தெரியாமலே போகிறது.

முதலில், வேக்கம் என்பது என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரை விட்டால், காற்று நுழையும் வழியில் இருக்கும் திராட்டில் என்ற கதவு மூடிக்கொள்கிறது. பிஸ்டன்கள் மட்டும் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மூடிய கதவுக்குப் பின்னால், இன்டேக் மேனிஃபோல்டுக்குள், வெளிக்காற்றைவிட மிகக் குறைந்த அழுத்தம் உண்டாகிறது; வேக்கம் என்பது இதுதான். நல்ல நிலையில் உள்ள இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது கேஜை வைத்துப் பார்த்தால் 18 முதல் 21 அங்குல பாதரசம் காட்டும். பழைய கார்களை வடிவமைத்தவர்களுக்கு இது காசில்லாமல் கிடைத்த வேலையாள். பிரேக் பூஸ்டரை இயக்க, டிஸ்ட்ரிபியூட்டரில் டைமிங்கை முன்னால் தள்ள, கிராங்க் கேஸில் சேரும் ஆவியை உறிஞ்சி எடுக்க, கார்புரேட்டரின் சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய என்று எல்லாவற்றுக்கும் அதையே பிடித்துக் கட்டினார்கள்.

டர்போ வந்தபின் நடப்பது இதுதான்: அதே மேனிஃபோல்டு, அதே ஹோஸ்கள், ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் உள்ளே அழுத்தம். உறிஞ்சப்படுவதற்கென்று செய்யப்பட்ட ஒவ்வொரு ரப்பர் குழாய்க்குள்ளும், ஒவ்வொரு டயாஃப்ரமுக்குள்ளும் இப்போது காற்று ஊதப்படுகிறது. கட்டியவர்கள் கனவிலும் நினைக்காத திசை அது. இதைச் சில்லறை வேலை என்று ஒதுக்குவது எப்படி நியாயம்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிரேக் பிடிக்கும்போது கால் ஆக்சிலேட்டரில் இருக்காது. கால் எடுத்த நொடியில் திராட்டில் மூடும், வேக்கம் திரும்பிவிடும். ஆகவே பூஸ்டருக்குக் குறையே வராது. இதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். மலையிலிருந்து கியரில் இறங்கும் பெட்ரோல் காரில் வேக்கம் ஐடிலைவிடவும் அதிகமாகவே இருக்கும். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்குகிறவர் டர்போவால் பிரேக் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை.

மறுபாதி, அதே மலையில் ஏறும்போது வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, தென்காசி, செங்கோட்டை என்று போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை புளியரையைத் தாண்டியதும் மலையேறுகிறது. அங்கே டர்போ வண்டி நிமிடக்கணக்கில் முழு அழுத்தத்தில் இழுத்துக்கொண்டு போகும். அதற்காகத்தானே டர்போ போட்டோம். அந்த நேரம் முழுவதும் மேனிஃபோல்டில் வேக்கம் என்பதே கிடையாது. முன்னால் போகும் லாரி திடீரென்று நிற்கிறது. கால் ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு ஒரே மூச்சில் தாவுகிறது. முதல் மிதிக்கு உதவுவது, கால் எடுத்தபின் வரப்போகும் வேக்கம் அல்ல. பூஸ்டருக்குள் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் வேக்கம். அதைப் பூட்டி வைத்திருப்பது, பூஸ்டர் ஹோஸில் காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் அந்தச் சின்ன நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றுதான்.

அந்த வால்வைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக், உள்ளே ஒரு ரப்பர் நாக்கு. பழைய வண்டியில் அது பல ஆண்டு இன்ஜின் சூட்டிலும் ஆயில் ஆவியிலும் வெந்து கெட்டியாகியிருக்கும். அதைவிட முக்கியமானது, அது எந்த வேலைக்குச் செய்யப்பட்டது என்பது. டர்போ இல்லாத காரில் மேனிஃபோல்டின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாண்டவே தாண்டாது. ஆகவே அந்த வால்வு தாங்க வேண்டிய அதிகபட்சச் சுமைக்கு ஓர் எல்லை இருந்தது. டர்போ போட்டபின் அதே வால்வு, உள்ளே வேக்கத்தையும் வெளியே அரை பார் அழுத்தத்தையும் ஒன்றாகத் தாங்க வேண்டும். மெக்கானிக் அதைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்கிறார். வாயால் ஊதும் காற்றுக்கும் அரை பாருக்கும் சம்பந்தமே இல்லை. குளிர்ந்த வால்வுக்கும், டர்போவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூடுபட்ட வால்வுக்கும் சம்பந்தம் இல்லை.

அந்த வால்வு கசிந்தால் என்ன நடக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. "பூஸ்டர் வேலை செய்யாது, கொஞ்சம் அழுத்தி மிதிக்கணும், அவ்வளவுதானே" என்கிறார்கள். அவ்வளவுதான் என்று விட முடியாது. பூஸ்டருக்குள் ஒரு டயாஃப்ரம் இரண்டு அறைகளைப் பிரிக்கிறது. பெடலை மிதிக்காதபோது இரண்டு அறையிலும் வேக்கம். மிதித்தவுடன் டிரைவர் பக்க அறைக்குள் வெளிக்காற்று நுழைகிறது. மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் வேக்கம் இருப்பதால் டயாஃப்ரம் முன்னால் தள்ளப்படுகிறது. எட்டு அங்குலப் பூஸ்டர் என்றால் டயாஃப்ரமின் பரப்பு சுமார் 320 சதுர சென்டிமீட்டர். 20 அங்குல வேக்கத்தில் அது தரும் உந்துதல் ஏறக்குறைய 220 கிலோ. வேக்கம் 10 அங்குலமாகக் குறைந்தால் உந்துதலும் சரிபாதி, 110 கிலோ. இப்போது கசிந்த வால்வு வழியாக முன் அறைக்குள் டர்போவின் அழுத்தம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கும்போது பின் அறைக்கு வெளிக்காற்று வருகிறது, முன் அறையில் அதைவிட அதிக அழுத்தம் இருக்கிறது. டயாஃப்ரம் டிரைவரின் காலை நோக்கித் திரும்பித் தள்ளும். பூஸ்டரே இல்லாத வண்டியைவிட மோசமான நிலை அது. பெடல் கட்டை மாதிரி நிற்கும். அழுத்தம் இறங்கி, மேனிஃபோல்டில் வேக்கம் உண்டாகி, அது பூஸ்டரைக் காலி செய்து முடிக்க ஒரு நொடி போதும் என்றே வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். முன்னால் நிற்கும் லாரி அதற்குள்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "காலை எடுத்தால் வேக்கம் வரும்" என்ற வாதம், இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ரிங் தேய்ந்த, வால்வு சரியாக உட்காராத பழைய இன்ஜினில் ஐடில் வேக்கமே 14, 15 அங்குலத்தில் ஆடிக்கொண்டிருக்கும். கேம் மாற்றியிருந்தால் இன்னும் குறையும். மிச்ச அழுத்தத்தை வெளியேவிடும் பிளோ-ஆஃப் வால்வு சரியாக மூடாமல் காற்றை உள்ளே விட்டாலோ, கால் எடுத்தவுடன் கலவை கெட்டு இன்ஜின் அணைந்தாலோ வேக்கத்துக்கு எங்கே போவது? கால் எடுத்ததும் இன்ஜின் அணைவது, அரைகுறையாக டர்போ போட்ட வண்டிகளில் வாடிக்கையாக வரும் கோளாறு. அப்போது பிரேக்குக்கு இருப்பது பூட்டி வைத்த வேக்கம் மட்டுமே. பூட்டு சரியில்லை என்றால் அதுவும் கிடையாது.

அடுத்த வாதம்: "நம்ம வண்டி பழைய அம்பாசடர், டிரம் பிரேக், பூஸ்டரே கிடையாது. எனக்கு எதுக்கு இந்தக் கதை?" நியாயமான கேள்வி. பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம்தான்; மிதிக்கிற கால் பலமே பிரேக் பலம். கான்டெஸா, எஸ்டீம், பின்னால் வந்த டிஸ்க் பிரேக் அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்குத்தான் பூஸ்டர் கவலை. ஆனால் பூஸ்டர் இல்லை என்பதால் வேக்கம் இல்லை என்று ஆகிவிடாது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் தட்டுப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் வேக்கம் அட்வான்ஸைப் பாருங்கள். சமவெளியில் லேசான மிதியில் போகும்போது, மெலிந்த கலவை மெதுவாக எரியும் என்பதால் ஸ்பார்க்கைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி முன்னால் இழுப்பது அதன் வேலை. டர்போ அழுத்தம் ஏறும்போது நமக்குத் தேவை நேர் எதிரானது. அடர்த்தியான கலவை வேகமாக எரியும். டைமிங்கைப் பின்னால் இழுக்காவிட்டால் நாக்கிங். ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு ஒரு டிகிரி பின்னால் என்பது டியூனர்கள் கையாளும் தோராயக் கணக்கு. வேக்கம் அட்வான்ஸுக்கு அது தெரியாது. அழுத்தம் வந்தால் அது இழுப்பதை நிறுத்தும், அவ்வளவே. வேகத்தை வைத்து முன்னால் தள்ளும் உள் எடைகள் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ராஜபாளையத்துச் சித்திரை வெயில், பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல், இரண்டோடும் சேர்த்துப் பாருங்கள். பிஸ்டனின் தலையில் ஓட்டை விழ அதிக நேரம் தேவையில்லை.

சிலர் அந்த ஹோஸைப் பிடுங்கி ஒரு போல்ட்டைச் சொருகி அடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்கிறார்கள். அதனால் டைமிங் பின்னுக்கு வந்துவிடாது. சமவெளி ஓட்டத்தில் மைலேஜ் மட்டும் போகும், எக்ஸாஸ்ட் இன்னும் சுடும். 1962-லேயே அமெரிக்காவில் செவ்ரலே தன் கார்வேர் மோன்சா ஸ்பைடருக்குக் கார்புரேட்டரோடு டர்போ வைத்து விற்றது. அந்த வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்கம் அட்வான்ஸ் இருந்த இடத்தில், அழுத்தம் ஏறினால் டைமிங்கைப் பின்னால் தள்ளும் டயாஃப்ரம் இருந்தது. "அந்தக் காலத்துலேயே கார்புரேட்டர் வண்டிக்கு டர்போ போட்டான், நாம போடக் கூடாதா" என்று கேட்பவர்கள், போட்டவன் வேறு எதையெல்லாம் மாற்றினான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிராங்க் கேஸ் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. ஏனென்றால் இங்கே நடக்கும் தவறால் வண்டிக்காரர் திரும்பத் திரும்பப் பணம் கட்டுகிறார், காரணம் கடைசிவரை தெரிவதில்லை. எந்த இன்ஜினிலும் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் எரிப்பு வாயு கீழே இறங்கும். அதை வெளியேற்ற, டேப்பட் கவரிலிருந்து பி.சி.வி. வால்வு வழியாக மேனிஃபோல்டுக்கு ஒரு பிரீதர் ஹோஸ் போகும். மேனிஃபோல்டின் வேக்கம் அதை உறிஞ்சிக்கொள்ளும். டர்போ போட்டபின் ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு கூடுகிறது; அதே நேரத்தில் அதை உறிஞ்ச வேண்டிய வேக்கம் காணாமல் போகிறது. பி.சி.வி. வால்வு பழையது என்றால் டர்போவின் அழுத்தமே அந்த வழியாகத் தலைகீழாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது.

அதற்குப் பிறகு வரும் வரிசையைப் பாருங்கள். ஆயில் அளவுக் குச்சி தானாக மேலே எழும்பி நிற்கும். டேப்பட் கவர் பேக்கிங் ஓரமாக ஈரம் படியும். பின்பக்க கிராங்க் சீல் ஒழுகி கிளட்ச் நனையும், கிளட்ச் நழுவும். டர்போவின் ஆயில் திரும்பி வரும் குழாய் பம்ப் எதுவும் இல்லாமல், புவியீர்ப்பால் மட்டும் சம்பில் வடிவது. சம்பில் அழுத்தம் நின்றால் ஆயில் வடியாது, டர்போவுக்குள்ளேயே தேங்கும், தேங்கிய ஆயில் சீலைத் தாண்டி ஒரு பக்கம் இன்டேக்குக்கும் மறுபக்கம் எக்ஸாஸ்ட்டுக்கும் போகும். நீலப் புகை. "டர்போ சீல் போச்சு" என்று தீர்ப்பாகிறது. வேறு டர்போ வருகிறது. அதுவும் புகைக்கிறது. "இன்ஜின் போச்சு" என்று அடுத்த தீர்ப்பு. இன்டேக்கில் கலந்த ஆயில் ஆவி பெட்ரோலின் நாக்கிங் தாங்கும் திறனைக் குறைப்பதால் கடைசியில் இன்ஜினும் உண்மையாகவே போகிறது. தொடக்கம் என்னவோ ஒரு பிரீதர் ஹோஸ்.

இதற்கு வழி இருக்கிறது, கடினமும் இல்லை. பிரீதருக்கு இரண்டு பாதை வேண்டும். வேக்கம் இருக்கும்போது, அழுத்தத்தைத் தாங்கும் வால்வு வழியாக மேனிஃபோல்டுக்கு ஒன்று. அழுத்தம் வரும்போது ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் திறக்கும் இன்னொன்று. நடுவில் ஆயிலைப் பிரித்துப் பிடிக்கும் ஒரு டப்பா. தொழிற்சாலையில் டர்போவோடு பிறந்த பெட்ரோல் கார்களில் இந்த ஏற்பாடு ஏதாவது ஒரு வடிவில் இருக்கும்.

பழைய இரும்புக் கடை டர்போ பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை புதுப்பேட்டையிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் வரும் சின்ன டர்போக்களில் பெரும்பகுதி டீசல் கார்களிலிருந்து கழற்றியவை. டீசல் இன்ஜினில் பெட்ரோல் போலக் காற்றை மூடி அடைக்கும் திராட்டிலை நம்பி வேலை நடப்பதில்லை. ஆகவே அந்த டர்போவின் கம்ப்ரசர் பெரிய வேக்கத்தைச் சந்தித்ததில்லை. அதைக் கார்புரேட்டருக்குப் பின்னால் வைத்து, கார்புரேட்டர் வழியாக உறிஞ்சும்படி பொருத்துகிறார்கள். கால் எடுத்ததும் திராட்டில் மூடும். கம்ப்ரசருக்குள்ளேயே வேக்கம் உண்டாகும். அந்த வேக்கம் பேரிங்கிலிருந்து ஆயிலை இழுக்கும். அதில் இருக்கும் பிஸ்டன் ரிங் வகை சீல் இந்த உறிஞ்சலைத் தடுக்கச் செய்யப்பட்டதில்லை. இந்த அமைப்புக்குக் கார்பன் சீல் உள்ள டர்போ வேண்டும். நல்ல டர்போவை வாங்கித் தப்பான இடத்தில் வைத்துவிட்டு அதைக் குறை சொல்வதில் பயனில்லை.

மாறாக, டர்போவைக் கார்புரேட்டருக்கு முன்னால் வைத்து ஊதினால் வேறு சிக்கல். கார்புரேட்டரின் மிதவை அறையும் அதே அழுத்தத்துக்கு வர வேண்டும். வந்தால், பெட்ரோல் அந்த அழுத்தத்தை எதிர்த்து உள்ளே வர வேண்டும். பழைய இன்ஜினின் டயாஃப்ரம் பெட்ரோல் பம்ப் மூன்று நான்கு பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளாது. ஆறு பி.எஸ்.ஐ. டர்போ அழுத்தம் என்றால் பெட்ரோல் நின்றுவிடும், அதுவும் இன்ஜினுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில். இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை ஊதவும் வைக்கும். 1980-ல் வந்த லோட்டஸ் எஸ்ப்ரிட் டர்போ, டர்போவை முன்னால் வைக்கும் இந்த வழியில்தான் டெலோர்ட்டோ கார்புரேட்டர்களுக்கு ஊதியது. அதற்கெனத் தனியாக சீல் செய்த கார்புரேட்டர்களைப் பயன்படுத்தியது.

டீசல்காரர்கள் இதுவரை படித்துவிட்டு, "நமக்கு வேக்கம் பம்ப் இருக்கு, கவலை இல்லை" என்று நினைக்கக்கூடும். டீசலில் நிலைமை எளிது என்பதை மறுக்கவில்லை. ஜீப், சுமோ வகை வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்னாலோ இன்ஜினிலோ ஓடும் பம்ப், டர்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூஸ்டருக்கு வேக்கம் தரும். ஆனால் வேரியபிள் டர்போக்களில் பலவற்றின் ஆக்சுவேட்டர் வேக்கத்தில் இயங்குவது. அதற்கு வேக்கம் எங்கே? பூஸ்டர் ஹோஸை வெட்டி ஒரு 'டி' போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் அந்த ஆக்சுவேட்டரின் டயாஃப்ரம் கிழியும். பவர் குறைகிறது என்று டிரைவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பிரேக்குக்குப் போக வேண்டிய வேக்கம் அந்தக் கிழிசல் வழியாக வடிந்துகொண்டிருக்கும். பூஸ்டரின் ஹோஸில் வேறு எதற்கும் 'டி' போடக் கூடாது. இதில் விதிவிலக்கு என்று ஒன்றைக்கூட நான் ஏற்க மாட்டேன்.

டீசலிலேயே இன்னொரு வகை உண்டு. மிகப் பழைய சில இன்ஜின்களில் கவர்னரே வேக்கத்தால் இயங்குவது. இன்டேக்கில் உள்ள வெஞ்சுரியின் வேக்கம்தான் பம்பின் ரேக்கைப் பின்னால் இழுத்து டீசலைக் குறைக்கும். வேக்கம் இல்லை என்றால் ஸ்பிரிங் ரேக்கை முழுக்கத் தள்ளிவிடும், முழு டீசல். அப்படிப்பட்ட இன்ஜினின் இன்டேக்கில் டர்போ அழுத்தத்தை நுழைப்பது இன்ஜினின் கடிவாளத்தை அறுப்பது. இன்ஜின் சுழன்று சுழன்று சிதறும் வரை போகலாம். கவர்னரை மாற்றாமல் அதில் டர்போ வேண்டவே வேண்டாம்.

இத்தனையும் சொல்வதால் பழைய காருக்கு டர்போ கூடாது என்ற கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அந்தக் கட்சியும் வேறு விதத்தில் தவறானது. அளவான அழுத்தம், சரியான பெட்ரோல், சரியான டைமிங், ஒழுங்கான வேக்கம் ஏற்பாடு என்று செய்தால் கான்டெஸாவின் 1.8 லிட்டர் இசுசு போன்ற இன்ஜினுக்கு டர்போ பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வேகம் கூட்டுகிறவன் நிறுத்தும் வழியையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரை ஆடிப்பூரத்தன்று பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் நிற்பார்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலரின் கையில். அவர்கள் இல்லாமல் வடத்தைத் தொட யாரும் துணிவதில்லை. தமிழ்நாட்டுத் தொழில்துறையிலும் இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் வளர்ந்தன: இந்தியாவில் டர்போ தயாரிப்பில் முன்னோடியான டர்போ எனர்ஜி நிறுவனம் பிரேக்ஸ் இந்தியாவின் பங்களிப்போடு உருவானது, பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் பல பத்தாண்டுகளாகப் பிரேக் செய்துவரும் நிறுவனம். தொழில்துறையில் சேர்ந்தே வளர்ந்த இரண்டையும் பட்டறையில் ஏன் பிரிக்கிறோம்?

சட்டத்தையும் மறைக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டர்போ போட்ட வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுகிறவர் பதிவும் இன்சூரன்சும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டே ஓட்ட வேண்டும். பிரேக் பிடிக்காமல் ஒரு விபத்து நடந்தால், அந்த நான்-ரிட்டர்ன் வால்வைப் பற்றிக் கேட்கப்போவது மெக்கானிக்கிடம் அல்ல.

ஆகவே டர்போ போட நினைப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். டர்போ வாங்குவதற்கு முன்னால் ஒரு வேக்கம் கேஜ் வாங்குங்கள். அதன் விலை டர்போவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஐடிலில் முள் 18-க்கு மேல் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். 16-க்குக் கீழே இருந்தாலோ, முள் துடித்துக்கொண்டே இருந்தாலோ அந்தப் பணத்தை முதலில் இன்ஜினில் போடுங்கள். பூஸ்டரைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம்: இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடல் கட்டியாகும்வரை மிதியுங்கள், மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் டர்போ பேச்சையே எடுக்க வேண்டாம். பிறகு, இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மிதித்துப் பாருங்கள். முதல் இரண்டு மிதியாவது மென்மையாக இருக்க வேண்டும். முதல் மிதியே கட்டையாக இருந்தால் வால்வோ பூஸ்டரோ வேக்கத்தைப் பிடித்து வைக்கவில்லை.

டர்போ போட்டபின் பூஸ்டருக்குத் தனி ஹோஸ், இரண்டு முனையிலும் கிளாம்ப், டர்போ பெட்ரோல் காருக்கென்று செய்த புதிய வால்வு. மலைப்பாதை ஓட்டம் அதிகம் என்றால் ஒரு வேக்கம் டேங்க், அல்லது அழுத்த சுவிட்ச்சோடு தானாக ஓடும் மின் வேக்கம் பம்ப். டேஷ்போர்டில் வேக்கம், அழுத்தம் இரண்டையும் காட்டும் கேஜ். உங்கள் மெக்கானிக்கிடம் இந்த ஹோஸ்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து எங்கே போகின்றன, அழுத்தம் வந்தால் ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். வரைந்து காட்டினால் வண்டியை அவரிடம் விடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்ணே" என்றால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.